வென்டிலேட்டர் ஓடும்போதே சுண்டெலி நுரையீரலின் நுண்ணறைகளை (சிறு காற்றுப் பைகளை) படமெடுப்பது

நெறிமுறைக் குழுவின் அனுமதியும், சுண்டெலிக்கு ஆழ்ந்த மயக்கமும் முதலில். அப்புறம்தான் மைக்ரோஸ்கோப்.

மார்பைத் திறந்ததும் நுரையீரல் சுருங்கப் பார்க்கும். அதனால் மூச்சு வெளியேறிய பிறகும் கொஞ்சம் அழுத்தம் மிஞ்சும்படி வென்டிலேட்டரில் ‘பீப்’ (PEEP) அளவை முன்பே வைத்துவிடுங்கள். நான் 5 செ.மீ. நீர் அழுத்தத்தில் தொடங்குவேன்.

உண்மையான தலைவலி அசைவுதான். ஒவ்வொரு மூச்சுக்கும் காட்சி ஓடிவிடும். கண்ணாடி பொருத்திய சிறு உறிஞ்சு வளையத்தை நுரையீரலின் மேல் மெல்ல வைத்து, 20 முதல் 25 மி.மீ. பாதரச அளவுக்கு உறிஞ்சினால் போதும், பிடித்துக்கொள்ளும். மேற்பரப்பு காயாமல் இளஞ்சூடான உப்புநீர் ஒரு சொட்டு. உறிஞ்சல் கூடிவிட்டதா என்பதை மீட்டரைவிட ரத்தமே சரியாகச் சொல்லும். வால் சிரையில் ஒளிரும் டெக்ஸ்ட்ரான் (சாயம் சேர்த்த பெரிய சர்க்கரை மூலக்கூறு) ஏற்றியிருந்தால் பிளாஸ்மா பளிச்சென்றும் சிவப்பணுக்கள் கருநிழலாகவும் தெரியும். நுண்ணறையைச் சுற்றிய தந்துகிகளில் அந்த நிழல்கள் தயங்கினாலோ நின்றாலோ உடனே குறையுங்கள். அந்த நிலையில் எடுத்த படத்தை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

கேமராவை வென்டிலேட்டரின் சிக்னலோடு இணைத்து, மூச்சு முழுக்க உள்ளே போன கணத்திலும் வெளியேறி முடிந்த கணத்திலும் ஒரே இடத்தை எடுங்கள். வளையத்தின் விளிம்பருகே நுண்ணறைகள் இழுபட்டிருக்கும், அவற்றை அளக்காதீர்கள். காற்றும் திசுவும் மாறிமாறி வருவதால் ஒளி சிதறும். திசுவுக்குள் ஆழமாகப் பார்க்க உதவும் இரு ஃபோட்டான் மைக்ரோஸ்கோப்பிலும் ப்ளூராவை (நுரையீரலின் வெளியுறையை) ஒட்டிய நுண்ணறைகள்தான் தெளிவாகக் கிடைக்கும். அதை வைத்து நுரையீரல் முழுவதும் இப்படித்தான் என்று எழுதிவிடாதீர்கள்.