நாய்க்கு வயிற்றுப்போக்கா? மருந்துப் பெட்டியைத் திறக்கும் முன்

வீட்டில் விருந்து நடந்த மறுநாள் விடிகாலையில் எங்கள் கருப்பன் கதவைப் பிராண்டினான். நான் தாழ்ப்பாளைத் திறப்பதற்குள் கூடத்திலேயே தண்ணீராகக் கழிந்துவிட்டான். எச்சில் பிரியாணி கொட்டிய வாளியை இரவு யாரோ பின்கட்டில் மூடாமல் விட்டிருந்தார்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் எங்கள் மாத்திரை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டே கால்நடை மருத்துவரை அழைத்தேன். மாத்திரையை வைத்துவிடச் சொன்னார். பிறகு, "என்ன நிறம்? எத்தனை தடவை? ஈறு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: மலத்தைப் பாருங்கள்

முகம் சுளிக்காமல் பார்க்க வேண்டும். முடிந்தால் படமும் எடுங்கள். நிறைய அளவில், தண்ணீராக, நாளைக்கு மூன்று நான்கு தடவை போனால் பெரும்பாலும் சிறுகுடலில் கோளாறு. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, முக்கி முக்கிப் போய், சளி கலந்திருந்தால் பெருங்குடல். அதில் ஓரிரு சொட்டுச் சிவப்பு ரத்தம் தெரிவது உண்டு. கருப்பாகத் தார் போல இருந்தால் வயிற்றிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிகிறது என்று பொருள்; வீட்டு வைத்தியம் அங்கேயே முடிந்தது.

இரண்டாம் படி: நாயைப் பாருங்கள்

மேலுதட்டைத் தூக்கி ஈறைத் தொடுங்கள். ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டதும் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். (கருப்பனைப் போல ஈறே கருப்பாக உள்ள நாய்களுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம்.) தோள்களுக்கு நடுவே தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள்; சட்டென்று படிந்தால் நல்லது. கூடாரம் போல நின்று மெதுவாக இறங்கினால் உடலில் நீர் குறைந்துவிட்டது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கத் தெரிந்தவர்களுக்கு: 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் நாய்க்கு இயல்பான சூடு. நமக்குக் காய்ச்சல் என்பது அதற்குச் சாதாரணம்.

மூன்றாம் படி: யாரை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது?

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி, சினை நாய், வயதான நாய், ஏற்கெனவே நோய்க்கு மருந்து சாப்பிடும் நாய். அதோடு வாந்தி, சோர்வு, காய்ச்சல், வெளுத்த ஈறு, நிறைய ரத்தம், எலும்போ துணியோ விழுங்கிய சந்தேகம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

தடுப்பூசி முடியாத குட்டி சாப்பாட்டை ஒதுக்கி, வாந்தி எடுத்து, ரத்தமாக, பொறுக்க முடியாத நாற்றத்தோடு கழிந்தால் பார்வோ என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். இரவு வந்தாலும் காத்திருக்காதீர்கள். 1970களின் பிற்பகுதியில் உலகெங்கும் பரவிய இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு குட்டியை இழந்த வீட்டில் உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து விடுவது அதனால்தான் ஆபத்து.

நான்காம் படி: காரணத்தைத் தேடுங்கள்

முந்தைய இரண்டு நாள்களை நினைத்துப் பாருங்கள். குப்பை, கெட்டுப்போன மீன், ஒரே நாளில் மாற்றிய தீவனம், வீடு மாறிய பதற்றம், ஆண்டிபயாடிக் மாத்திரை என எதுவும் காரணமாகலாம். நம் வீடுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பால்சோறு. தாய்ப்பால் மறந்த பல நாய்களுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது. அன்போடு ஊற்றும் கிண்ணம்தான் வாரத்துக்கு ஒருமுறை வயிற்றைக் கலக்குகிறது. குட்டிகளுக்கு உருண்டைப்புழு, கொக்கிப்புழு, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி ஆகியவையும் உண்டு.

பிரியாணி தின்ற நாய்க்குத் தனி எச்சரிக்கை: வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. இதன் பாதிப்பு சில நாள்கள் கழித்துத்தான் தெரியும். வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் ஈறு வெளுக்கிறதா, சிறுநீர் பழுப்பாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். எவ்வளவு தின்றது என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

ஐந்தாம் படி: தண்ணீர்

சோற்றைவிட இதுதான் முக்கியம். பத்துக் கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே சுமார் அரை லிட்டர் வேண்டும். கழியும்போது இன்னும் கூடுதலாக. கிண்ணத்தை ஒளிக்காதீர்கள். ஒரே மூச்சில் குடித்து வாந்தி எடுத்தால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். வாயைப் பிளந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். குடித்ததெல்லாம் வெளியே வந்தால் அதற்கு டிரிப்ஸ்தான் வழி.

ஆறாம் படி: சோறு

நன்றாக இருக்கும் வளர்ந்த நாய்க்கு ஒரு வேளை, அதிகம் போனால் பன்னிரண்டு மணி நேரம் உணவை நிறுத்தலாம். குட்டிகளையும் பொமரேனியன் போன்ற சிறு நாய்களையும் பட்டினி போடக் கூடாது. ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும்.

பிறகு பச்சரிசியைக் குழைய வேகவைத்து, தோலும் எலும்பும் நீக்கிய கோழியை வெறும் தண்ணீரில் வேகவைத்துப் பிய்த்துச் சேருங்கள். இரண்டு பங்கு சோறு, ஒரு பங்கு கறி. உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். ருசி இருக்குமா என்று கவலைப்படுபவர் என் அம்மா. கருப்பன் தட்டை நக்கித் தீர்த்தான். வழக்கமாகக் கொடுப்பதில் பாதி அளவை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒன்றிரண்டு கரண்டி சேர்த்தால் மலம் கட்டும். சைவ வீடுகளில் குழைந்த சோறும் பரங்கியும் இரண்டு நாளைக்குப் போதும். தயிர் ஏற்கெனவே பழகிய நாய்க்கு ஒரு கரண்டி.

மலம் கட்டியாக வந்த பிறகும் இரண்டு நாள் இதையே தொடர்ந்து, அப்புறம் வழக்கமான உணவை நாலைந்து நாளில் சிறிது சிறிதாகக் கலந்து திரும்புங்கள்.

கொடுக்கக் கூடாதவை

வயிற்றுப்போக்கை நிறுத்த நாம் போடும் லோபெரமைடு மாத்திரை வேண்டாம், கிருமியையும் நஞ்சையும் குடலிலேயே தேக்கிவைக்கும். கோலி போன்ற இனங்களில் சில நாய்களுக்கு மரபணுக் குறை காரணமாக அது மூளைவரை பாயும். பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாய்க்கு நஞ்சு. போனமுறை மிச்சமான ஆண்டிபயாடிக்கும் வேண்டாம்.

ஏழாம் படி: இரண்டு நாளில் நிற்காவிட்டால்

காலையில் போன புது மலத்தை நெல்லிக்காய் அளவு எடுத்து, மூடியுள்ள சுத்தமான டப்பாவில் போட்டு அன்றே கொண்டுபோங்கள். எடுக்கும்போது கையில் பிளாஸ்டிக் பை, பிறகு சோப்பு. கொக்கிப்புழுவின் புழுப்பருவம் வெறுங்கால் வழியாக மனிதருக்குள்ளும் நுழையும் என்பதால் அந்த இடத்தில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். கடைசியாகக் குடற்புழு மருந்து கொடுத்த தேதியையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். எப்படியும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.