எண்ணூர் முதல் பழவேற்காடு வரை: பறவை பார்க்கவும் படம் எடுக்கவும் தொடங்குவது எப்படி?

காட்டுயிர்களைப் படம் எடுக்க முதுமலைக்கோ கோடியக்கரைக்கோதான் போக வேண்டும் என்று வடசென்னையில் பலர் நினைக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி லோக்கலில் எண்ணூர் தாண்டியதும் கொசஸ்தலை ஆறு வரும். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளின் காலடியிலேயே கூழைக்கடாவும் நாரையும் இரை தேடுகின்றன. நம் ஊர்ப் பறவைகளை நாமே பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பது?

படி 1: ஒரு பறவையைப் பழகுங்கள்

கேமரா இப்போதைக்கு வேண்டாம். தினமும் கண்ணில் படுகிற ஒரு பறவை போதும். காசிமேட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குப் பருந்து. வால் நுனி பிளந்திருந்தால் அது கரும்பருந்து. தலையும் மார்பும் வெள்ளையாக, உடம்பு செங்காவியாக இருந்தால் செம்பருந்து. எங்கே உட்காருகிறது, எப்போது கிளம்புகிறது என்று பாருங்கள். பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். இது மனதில் பதிந்துவிட்டால், எந்தப் பக்கம் பறக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும். நல்ல படத்தில் பாதி வேலை இதுதான்.

படி 2: கருவி

முதலில் 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸின் விட்டம் 42 மி.மீ.). கேமராவுக்கு 300 மி.மீ. லென்ஸ் இருந்தால் தொடங்கிவிடலாம்.

படி 3: காலமும் இடமும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். பழவேற்காடு ஏரியில் ஆழம் குறைந்த இடங்களில் பூநாரைகள் கூட்டமாக இறங்கும். தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டி அவை மேய்வதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. பொன்னேரி வரை ரயில், அப்புறம் பஸ். கரையில் வலை சரிசெய்கிறவரிடம், "அண்ணே, இன்னைக்கு நாரை எந்தப் பக்கம் மேயுது?" என்று கேளுங்கள். எந்தச் செயலிக்கும் அவ்வளவு தெரியாது.

விடிந்ததும் போய்விடுங்கள். நமக்குக் கடல் கிழக்கே. அதற்கு முதுகு காட்டி நின்றால் இளவெயில் நேராகப் பறவை மேல் விழும்.

படி 4: படம் எடுப்பது

நெடுங்கால் உள்ளானில் தொடங்குங்கள். ஆழமில்லாத நீரில் நிதானமாக நடக்கும். ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும். பறக்கும் பறவைக்கு 1/2000 வேண்டும். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். கருஞ்சேற்றில் நிற்கும் வெள்ளைக் கொக்கை எடுத்தால் இறகெல்லாம் வெளுத்துப்போகும். கேமராவில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) மைனஸ் 0.7 வையுங்கள். நின்றபடி எடுக்காமல் தரையில் உட்காருங்கள். பறவையின் கண் மட்டத்துக்கு நீங்கள் இறங்கினால்தான் படத்துக்கு உயிர் வரும். துறைமுகம், மின் நிலையம் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். அவை பாதுகாக்கப்பட்ட இடங்கள்.

படி 5: தூரம்

மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் தலை தூக்கிப் பார்த்தால், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள். மெதுவாகப் பின்வாங்குங்கள். சிட்டுக்குருவி அளவே இருக்கிற கொசு உள்ளான் ஆர்க்டிக் பகுதியிலிருந்து இங்கே வருகிறது. திரும்பிப் போகத் தேவையான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்க வேண்டும். பறக்கும் படம் கிடைக்கும் என்று கல்லெறிந்து கிளப்புவது கொடுமை.

படி 6: எழுதி வையுங்கள்

தேதி, இடம், எண்ணிக்கை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோது, கூழைக்கடாக்களின் இறகுகள் கறுத்துப்போயின. இப்படி ஒரு சேதம் எவ்வளவு என்று சொல்ல, அதற்கு முந்தைய கணக்கு கையில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடமாவது ஓரிடத்தில் பார்த்து, கண்ட பறவைகளை ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவிட வேண்டும். மொட்டை மாடியில் நின்றே செய்யலாம்.