பாரசீக நுண்ணோவியம் தீட்டும் முறை

பழைய ஈரானியக் கையெழுத்து நூல்களுக்கு அழகூட்டிய சிறு ஓவியமான பாரசீக நுண்ணோவியத்தில் நிழல் விழுவதில்லை. தொலைவில் உள்ளவை சிறுத்துக் காட்டப்படுவதும் இல்லை. கோடும் தட்டையான தூய நிறமுமே ஓவியத்தைத் தாங்குகின்றன. ஆகவே, அவை இரண்டும் பிசிறின்றி அமைவதற்கு ஏற்ற தாளை முதலில் ஆயத்தம் செய்ய வேண்டும்.

நல்ல பருத்தித் தாளின் மீது நீர்த்த மாவுக் கஞ்சியையோ முட்டையின் வெண்கருவையோ மெல்லியதாகப் பூசி, நன்கு உலர்ந்தபின், வழவழப்பான அகேட் கல்லால் சீரான அழுத்தத்துடன் மெருகேறும் வரை தேய்க்க வேண்டும். அப்போதுதான் நிறம் இழைகளுக்குள் ஊறிவிடாமல் மேற்பரப்பிலேயே நிற்கும். இக்கலையில் மிகுந்த பொறுமையைக் கோரும் கட்டமும், அவசரப்படுவோர் முதலில் தவிர்க்கும் கட்டமும் இதுவே. ஆனால் மெருகேறாத தாளில் எவ்வளவு உயர்ந்த தூரிகையாலும் மயிரிழைக் கோட்டை இழுக்க இயலாது.

காட்சியை அமைக்கும்போது அடிவானத்தை மிக உயரத்தில் வைத்து, தொலைவில் இருப்பவரைச் சிறிதாக்காமல் தாளில் மேலே வரைய வேண்டும். இன்றைய ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரில் 1488இல், பாரசீகக் கவிஞர் சஅதியின் 'பூஸ்தான்' என்னும் கவிதை நூலின் பிரதி ஒன்றுக்காக ஓவியர் பெஹ்சாத் தீட்டிய யூசுப்–சுலைக்கா ஓவியத்தை நெடுநேரம் உற்றுப் பார்ப்பது இதற்குச் சிறந்த பயிற்சியாகும். அதில் மாடிப்படிகளும் மூடிய கதவுகளும் நம் கண்ணை வளைத்து வளைத்து மேலேற்றி, தன்னை மயக்க முனையும் சுலைக்காவிடமிருந்து யூசுப் தப்பியோட முயலும் அறையில் கொண்டு நிறுத்துகின்றன.

நிறங்களை வேலம்பிசின் கரைசலில் குழைக்க வேண்டும். வடகிழக்கு ஆப்கானிஸ்தான் பகுதியான பதக்‌ஷானின் லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல் நீலத்தையும், சாதிலிங்கம் என்னும் செந்நிறக் கனிமம் சிவப்பையும் தந்தன. மஞ்சளுக்குப் பயன்பட்ட அரிதாரம் என்னும் கனிமத்தில் ஆர்சனிக்கும் ஈய வெள்ளையில் ஈயமும் இருப்பதால், அவற்றுக்கு மாற்றாக இன்றைய நச்சற்ற நிறமிகளைக் கொள்வதே அறிவுடைமை.

அரைத்த தங்கத்தை முதலில் இட்டு மெருகேற்றிவிட வேண்டும். பிறகு தேய்த்தால் அருகிலுள்ள நிறங்கள் சிதையும். நீருக்கு வெள்ளி பூச வேண்டாம்: பழைய ஓவியங்களின் ஓடைகள் பலவும் அதனாலேயே கறுத்துவிட்டன. தங்கத்துக்குப் பின் நிலம், கட்டடம், உடை என முன்னேறி, முகத்தைக் கடைசியில் தீட்டுவது நல்லது. அக்காலத்தில் பறவை இறகின் தண்டில் செருகிய அணில் அல்லது பூனை முடியே தூரிகையாயிற்று. இன்று கூர்முனை அணில்முடித் தூரிகை போதும்.

ஓரச் சட்டக் கோடுகளை இறுதியில் இழுக்க வேண்டும். மரக்கிளையோ ஈட்டி முனையோ சட்டத்தைக் கடந்து வெளியே நீள்வது இம்மரபின் பேரழகு என்பதால், அவ்விடங்களில் கோட்டை நிறுத்தி, மறுபுறம் தொடர வேண்டும்.