புரொப்பல்லர் சுழல்வது படத்தில் தெரிய வேண்டுமா?

ஸ்பிட்ஃபயர், டிசி-3 போன்ற பழைய விமானங்கள் பறக்கும்போது 1/1000 நொடியில் படமெடுத்தால் புரொப்பல்லர் அப்படியே உறைந்துவிடும். எஞ்சின் நின்றுபோன விமானம் அந்தரத்தில் தொங்குவது போல இருக்கும். அவ்வளவு அழகான விமானத்தை அப்படிக் காட்ட மனசே வராது.

ஷட்டர் ஸ்பீடை, அதாவது கேமராவுக்குள் ஒளி விழும் நேரத்தை, 1/125 நொடிக்கு மாற்றுங்கள். நிமிடத்துக்கு 1200 முறை சுழலும் புரொப்பல்லர் அந்த நேரத்தில் ஏறக்குறைய 58 டிகிரி திரும்பிவிடும். மூன்று தகடு இருந்தால் இடைவெளியில் பாதி நிறைந்து, மெல்லிய வட்டு போலத் தெரியும்.

கை ஆடுமே என்றால், ஆடத்தான் செய்யும். பாதங்களை ஊன்றிக்கொண்டு இடுப்பை மட்டும் திருப்புங்கள். விமானம் தூரத்தில் வரும்போதே பின்தொடரத் தொடங்கி, அமுக்கிய பிறகும் நிறுத்தாமல் திருப்பிக்கொண்டே போங்கள். முதலில் 1/320-இல் பழகிவிட்டுப் படிப்படியாக இறங்கலாம். பத்துப் படத்தில் ஒன்று தேறினாலே போதும். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் வரிசையும் புகைபோக்கிக்குப் பின்னால் படிந்த கரியும் துல்லியமாக விழுந்த அந்த ஒன்று அத்தனை உழைப்புக்கும் ஈடு.

வானம் வெளுத்திருந்தால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 வரை கூட்டுங்கள், வயிற்றுப்பக்கம் கறுத்துப்போகாது. ஜெட் விமானத்துக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம், 1/1000 தாராளமாக வைக்கலாம்.