15 புள்ளிகளில் ஒரு பொதுமை நாற்கரத்தை அமைத்து, அதில் ஓவாய்டு காண்பது எப்படி?

பொதுமை நாற்கரம் என்பது சில விதிகளுக்கு உட்பட்ட புள்ளிகளும் கோடுகளும் கொண்ட அமைப்பு. கணிதவியலாளர் ழாக் டிட்ஸ் 1959இல் அறிமுகப்படுத்திய இவற்றை விளங்கிக்கொள்ள, வரையறையைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட ஒன்றைத் தாளில் அமைத்துப் பார்ப்பதே நல்ல வழி.

1 முதல் 6 வரையிலான எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்து 15 சோடிகளை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சோடியும் ஒரு புள்ளி. 12 என்று எழுதினால் 1, 2 ஆகியவற்றின் சோடி என்று பொருள். ஆறு எண்களையும் மிச்சமின்றி மூன்று சோடிகளாகப் பிரிக்கும் ஒவ்வொரு பிரிப்பும் ஒரு கோடு. கோடுகளும் 15 வரும். கோட்டுக்கு 3 புள்ளிகள், புள்ளிக்கு 3 கோடுகள்.

இனி அடிப்படை விதியைச் சரிபார்க்க வேண்டும்: ஒரு கோட்டில் இல்லாத எந்தப் புள்ளியை எடுத்தாலும், அதன் வழியே சென்று அந்தக் கோட்டை வெட்டும் கோடு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். 13, 24, 56 என்ற கோட்டையும் 12 என்ற புள்ளியையும் எடுங்கள். 13உடன் 1 பொது, 24உடன் 2 பொது. எண் எதையும் பகிராதது 56 மட்டுமே. ஆகவே 12, 56, 34 என்பதே அந்த ஒரே கோடு. மற்ற எல்லா இடங்களிலும் இதே காரணம்தான் செல்லும்.

ஒவ்வொரு கோட்டையும் சரியாக ஒருமுறை தொடும் புள்ளிக்கணமே ஓவாய்டு. தேடத் தொடங்குமுன் எண்ணிவிடுங்கள்: ஒரு புள்ளி 3 கோடுகளைத் தொடுவதால், 15 கோடுகளுக்கு 5 புள்ளிகள் தேவை. கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டே போனால் 12, 13, 23 என்ற இடத்தில் அகப்பட்டுக்கொள்வீர்கள். இவற்றில் எந்த இரண்டும் ஒரே கோட்டில் இல்லை, இருந்தும் நான்காவது புள்ளிக்கு இடமில்லை. 6 கோடுகள் தொடப்படாமல் நிற்கும். அவற்றை வரைந்து பார்ப்பது வீண்வேலையன்று: அந்த ஆறும் சேர்ந்து 9 புள்ளிகள் கொண்ட மூன்றுக்கு மூன்று கட்டமாக அமையும் அழகு கண்ணெதிரே தெரியும்.

மாறாக 12, 13, 14, 15, 16 என ஒரே எண்ணைப் பகிரும் ஐந்தும் ஓவாய்டு ஆகும். ஒரே கோட்டில் வராத இரு சோடிகள் ஓர் எண்ணைப் பகிரும்; எந்த இரண்டும் இப்படிப் பகிரும் சோடிகள் எல்லாம் ஒரே பொது எண்ணைக் கொண்டிருக்க வேண்டும் அல்லது மேலே கண்ட முக்கோணமாக முடிய வேண்டும் என்பதால், ஓவாய்டுகள் மொத்தம் 6 மட்டுமே.

எண்ணிக்கை பொருந்துவதால் மட்டும் ஓவாய்டு இருந்தாக வேண்டும் என்பதில்லை. 27 புள்ளிகளும் 45 கோடுகளும் கொண்ட அடுத்த நாற்கரத்தில் புள்ளிக்கு 5 கோடுகள் என்பதால், ஓவாய்டுக்கு 9 புள்ளிகள் தேவைப்படும். ஆனால் எப்படித் தேர்ந்தாலும் எந்த இரண்டும் ஒரே கோட்டில் அமையாதபடி 6 புள்ளிகளுக்கு மேல் சேர்க்க முடியாது.