மூச்சுமுட்டு கூடும்போது: சி.ஓ.பி.டி. நோயாளியின் வீட்டார் செய்யவேண்டியவை

மார்கழி வாடையிலும் கச்சான் கிளப்பும் புழுதியிலும் திருகோணமலையில் முட்டு கூடுவது புதிதல்ல. ஒரே இரவில் வந்ததுபோலத் தெரிந்தாலும், சி.ஓ.பி.டி. எனும் நாட்பட்ட சுவாசத்தடை நோய் பெரும்பாலும் ஓரிரு நாள் முன்பே அடையாளம் காட்டிவிடும். சளி கூடும், வெள்ளைச் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும், கிணற்றடிவரை போய்வரவே மூச்சு வாங்கும். இந்த மாற்றத்தைப் பிடிக்க வழமை என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். சுகமாக இருக்கும் நாளில் அவர் எவ்வளவு தூரம் நடக்கிறார், எத்தனை தலையணை வைக்கிறார், விரலில் மாட்டும் கருவியில் ஒட்சிசன் எத்தனை என்று கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். மருதாணி பூசிய விரலும் குளிர்ந்த விரலும் பிழையான எண்ணைக் காட்டக்கூடும்.

முட்டு தொடங்கினால் படுக்க விடாதீர்கள். கதிரையில் இருத்தி, மேசையில் தலையணை வைத்து முழங்கைகளை ஊன்றச் செய்யுங்கள். மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை மெதுவாக விடவேண்டும். அடுப்பூதுவதுபோல் பலமாக ஊதக்கூடாது. முகத்துக்கு நேரே விசிறினால் ஆறுதலாக இருக்கும்.

அடுத்தது சுவாசக் குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் மருந்துப் பம்ப். அதிகம் பிழை விடுவது இங்கேதான். வாயில் நேரே அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே படியும்; பம்பின் வாயில் மாட்டும் ஸ்பேசர் எனும் குழாய் வேண்டும். பம்பைக் குலுக்கி ஒரு பஃப் அடித்து, ஸ்பேசர் வழியாக 5 தடவை மூச்சிழுக்கச் செய்யுங்கள். மீண்டும் குலுக்கி அடுத்தது. பல பஃப்களை ஒன்றாக அடித்தால் மருந்துத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஸ்பேசரின் சுவரில் ஒட்டிவிடும். வைத்தியர் வேறு அளவு எழுதித் தராவிட்டால் 100 மைக்ரோகிராம் பம்பில் 4 பஃப், 20 நிமிடம் கழித்துத் தேவையானால் இன்னும் 4. அதற்கும் அடங்காவிட்டாலோ, அடங்கி நான்கு மணித்தியாலத்துக்குள் திரும்ப வந்தாலோ வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். காப்ஸ்யூல் போட்டு இழுக்கும் கருவியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அதற்குப் பலமாக இழுக்கவேண்டும், முட்டு நேரத்தில் அந்தப் பலம் இராது.

ஸ்பேசரை வாரமொருமுறை சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிடுங்கள். சீலையால் உள்ளே துடைத்தால் மின்னூட்டம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். பம்பைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தை விடுங்கள். பஃப்களை எண்ணுவதே சரி.

முன்கூட்டியே வைத்தியர் எழுதித் தந்திருந்தால் பிரெட்னிசலோன் எனும் ஸ்டீரொயிட் குளிசையைத் தொடங்கலாம். வழக்கமான அளவு நாளுக்கு 40 மில்லிகிராம், அதாவது 5 மில்லிகிராம் குளிசை 8, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, 5 நாள். சீனி வருத்தம் உள்ளவருக்கு இரத்தச் சீனி ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள். அன்டிபயோட்டிக் எல்லா முட்டுக்கும் அல்ல. சளியின் நிறம் மாறி அளவும் கூடினால்தான் பெரும்பாலும் தேவைப்படும். பாமசியில் கேட்டு வாங்க வேண்டாம். தூக்கக் குளிசை கூடவே கூடாது. விறகடுப்பு, நுளம்புத்திரி, சாம்பிராணி மூன்றையும் அன்று அணைத்துவிடுங்கள்.

ஒரு வசனத்தை முடிக்க முடியாமை, உதடு நீலமாகுதல், பிதற்றல், ஒட்சிசன் 88க்குக் கீழே இறங்குதல்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இரவெல்லாம் இழுத்தவர் திடீரென்று அயர்ந்து தூங்கினால் நிம்மதி அடையாதீர்கள். இரத்தத்தில் கரியமிலவாயு ஏறுவதாலும் அப்படி வரும்; தட்டி எழுப்பிப் பாருங்கள்.

அம்புலன்ஸில் வருபவரிடம் சி.ஓ.பி.டி. என்று முதலில் சொல்லுங்கள். இந்நோயாளிகளுக்கு ஒட்சிசன் இலக்கு பொதுவாக 88 முதல் 92 வீதம். அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் அந்தக் கரியமிலவாயு இன்னும் கூடும். கிளினிக் கொப்பி, எல்லாப் பம்புகள், ஸ்பேசர், எத்தனை மணிக்கு எத்தனை பஃப் என்று எழுதிய துண்டு, நான்கும் ஒரே பையில் போகட்டும்.