பாரசிட்டமாலை வச்சு ஹைப்ரிடைசேஷன் கண்டுபிடிக்கிறது எப்படி

ஆர்கானிக் கெமிஸ்ட்ரில முதல் மாசமே பாதி பேர் தடுக்கி விழுற இடம் இந்த எஸ்பி3, எஸ்பி2, எஸ்பி தான். ஒரு அணுவோட எஸ், பி ஆர்பிட்டால்களை (எலக்ட்ரான் இருக்கற இடங்களை) கலந்து கணக்கு போடுறது தான் ஹைப்ரிடைசேஷன், எதை எவ்வளவு கலந்ததுங்கறதுக்குத் தான் இந்தப் பேரெல்லாம். நானும் டேபிளை மனப்பாடம் பண்ணிட்டுப் போய், பரிட்சைல ஒரு மாலிக்யூலை வரைஞ்சு நைட்ரஜனுக்கு என்னன்னு கேட்டதும் முழிச்ச ஆள் தான். டேபிளை விடுங்க, விரல் விட்டு எண்ணத் தெரிஞ்சா போதும்.

கார்பனோட வெளிக்கூட்டுல 4 எலக்ட்ரான். 2எஸ்ல ரெண்டு ஜோடியா, 2பில ரெண்டு தனித்தனியா. இதை வச்சுப் பார்த்தா ரெண்டு பாண்டு தான் வரணும், ஆனா மீத்தேன்ல நாலு இருக்கு, நாலும் ஒரே நீளம், கோணம் 109.5 டிகிரி. 1931ல லைனஸ் பாலிங்ங்கற அமெரிக்க வேதியியலாளர் இதுக்கு ஒரு எஸ், மூணு பி எல்லாத்தையும் கலந்து ஒரே மாதிரி நாலு ஆர்பிட்டாலா கணக்கு போட்டாரு. அதான் எஸ்பி3; ரெண்டு பி மட்டும் கலந்தா எஸ்பி2, ஒரு பி மட்டும் கலந்தா எஸ்பி. கணக்கு தாங்க, கார்பன் உக்காந்து மாவு பிசையுதுன்னு நினைச்சுக்காதீங்க. கோணத்துல சந்தேகம்னா நாலு பலூன் ஊதி முடிச்சை ஒண்ணா கட்டிப் பாருங்க, தானாவே அந்த வடிவத்துல போய் நிக்கும்.

இப்ப எண்ணுற முறை. ஒரு அணுவைச் சுத்தி எத்தனை சிக்மா பாண்டு (ரெண்டு அணு நேருக்கு நேரா ஒட்டுற பாண்டு), அதோட எத்தனை லோன் பேர் (பாண்டுல சேராம அணுகிட்டயே இருக்கற எலக்ட்ரான் ஜோடி), ரெண்டையும் கூட்டுங்க. 4 வந்தா எஸ்பி3, 3 வந்தா எஸ்பி2, 2 வந்தா எஸ்பி. டபுள் பாண்டோ ட்ரிபிள் பாண்டோ, அதுல சிக்மா ஒண்ணே ஒண்ணு தான், மிச்சம் பை. இதை மறந்தா மொத்தமும் தப்பாகும்.

பாரசிட்டமாலை பேப்பர்ல வரைங்க, மொத்தம் 8 கார்பன். வளையத்துல 6, ஒவ்வொண்ணுக்கும் 3 சிக்மா, அதனால எஸ்பி2. ஆக்சிஜனோட டபுள் பாண்டு போட்ட கார்பனும் அப்படியே. ஓரத்துல இருக்கற மீத்தைல் கார்பன் (மூணு ஹைட்ரஜன் ஒட்டினது) மட்டும் எஸ்பி3.

அடுத்து நைட்ரஜன், இங்க தான் நான் மாட்டினது. 3 சிக்மா, 1 லோன் பேர், கூட்டினா 4, எஸ்பி3ன்னு எழுதிட்டு வந்துட்டேன். தப்பு. பக்கத்துலயே டபுள் பாண்டு இருக்கறதால அந்த லோன் பேர் ஒரு பி ஆர்பிட்டால்ல நின்னு அந்தப் பக்கம் கை நீட்டுது, அதனால நைட்ரஜன் எஸ்பி2. புரோட்டீன்ல பெப்டைடு பாண்டு தட்டையா இருக்கறதுக்கும் இதே தான் காரணம். அதனால எண்ணி முடிச்சதும் லோன் பேருக்குப் பக்கத்து அணுல பை பாண்டு இருக்கான்னு ஒரு தடவை எட்டிப் பாத்துருங்க.

பை பாண்டு, கலக்காம விட்ட பி ஆர்பிட்டால் ரெண்டு பக்கவாட்டுல ஒட்டுறது. முறுக்கினா ஒட்டு விட்டுரும், அதான் ஈத்தேன் சுழலுற மாதிரி எத்திலீன் சுழலாது. நீளமும் குறையும்: ஈத்தேன்ல 1.54 ஆங்ஸ்ட்ராம், எத்திலீன்ல 1.34, அசிட்டிலீன்ல 1.20.

அடுத்ததா காஃபீனை வரைஞ்சு நீங்களே எண்ணுங்க. 8 கார்பன், 4 நைட்ரஜன். மூணு மீத்தைல் கார்பனைத் தவிர மிச்ச கார்பன், நைட்ரஜன் எல்லாமே எஸ்பி2ன்னு வரலைன்னா எங்கயோ ஒரு லோன் பேர்ல கோட்டை விட்டுட்டீங்க.